தட்டு பிடித்திருப்பவன் முகம்

அண்ணி,

பேட்டரி மாற்ற வேண்டும் என்று இன்றைக்குத்தான் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். புதுப்பட்டினத்துக் கடல் காற்றில் எல்லாம் வீணாகிவிடும் என்று நீங்கள் சுற்றி, ரப்பர் பேண்டு போட்ட உறை. சத்தம் கூட்டும் பொத்தான் மட்டும் தேய்ந்து பள்ளமாகிவிட்டிருக்கிறது. நீங்கள் பேசப் பேச நான் கூட்டிக்கொண்டே இருந்தேன், வேறென்ன செய்வது?

உங்களோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதைப் போல ஒரு தலைவலி உண்டா? அந்த மாமனார் மருமகன் காமெடித் தொடரில் ஒரு வசனத்தையாவது முழுதாகக் கேட்க விட்டீர்களா? சர்க்கரை நோய்க்கார மாமனார் செருப்பு அலமாரியில் அல்வாவை ஒளித்து மாட்டிக்கொள்வார். மாமியார் கத்துவாள். சரியாக அந்த இடத்தில் என் தோளில் ஒரு தட்டு விழும்.

"கத்திகினு கீறவள இன்னாத்துக்குப் பாக்குற? பின்னால தட்டு புடிச்சிகினு நிக்கிறான் பாரு, அவன் மூஞ்சியப் பாரு."

அவன் அந்த வீட்டுச் சமையல்காரன். அல்வாவை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். வசனமே இல்லாத அவனுக்காக எனக்கு எல்லார் வசனமும் போனது. போதாதென்று, பின்னணியில் ஓடும் சிரிப்போடு வேறு உங்களுக்குச் சண்டை. நம் வீட்டில் ஒருவரும் சிரிக்காதபோது இவன் யார் முந்திக்கொண்டு சிரிக்க என்று டிவியைத் திட்டுவீர்கள்.

முட்டுக்காடு படகுத்துறையிலும் இதே கதை. செல்ஃபி எடுத்த ஒருவர் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். எல்லோரும் அவரைப் பார்க்க, நீங்கள் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனைவியைக் காட்டினீர்கள். "வுழுந்தவன்ல இன்னா கீது? சிரிக்கக் கூடாதுன்னு நிக்கிது பாரு, அதாண்டி காமெடி." அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. எனக்கு மானமே போனது.

நீங்கள் போன பிறகு என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, சிரிக்கவே இல்லை, அண்ணி. வேலைக்குப் போகிறார், வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். கருமாதியன்று சிங்கப்பெருமாள் கோயில் சித்தப்பா உங்கள் படத்தின் முன் நின்று, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பெண் என்று அழுதார். உங்களையா! நான் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. பின்னால் கற்பூரத் தட்டோடு நின்ற உங்கள் தம்பியைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

இப்போது வீட்டில் அப்படியொரு அமைதி. ஒரு வசனம் தப்புவதில்லை, ஒன்றுக்கும் சிரிப்பு வருவதில்லை. உங்கள் மேல் எரிச்சலாக வருகிறது. பார்க்கிற பழக்கத்தைக் கெடுத்துவிட்டு இப்படியா பாதியில் எழுந்து போவது?

சற்று முன் அதே அல்வா எபிசோடைத் திரும்பப் போட்டார்கள். மாமியார் கத்தத் தொடங்கியதும் என் கை தானாகப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பியின் தோளைத் தட்டியது. "அவளப் பாக்காதீங்க, பின்னால நிக்கிறவனப் பாருங்க" என்றேன்.

"சும்மா இரேன், டயலாக் கேக்கல" என்று எரிந்து விழுந்தார். உங்களிடம் நான் தினமும் சொன்ன அதே வார்த்தை. சுருக்கென்று கோபம் வந்து அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கண் மாமியார் மேல் இல்லை, அண்ணி. தட்டு பிடித்திருந்தவன் மேலேயே இருந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.