கரியின் வயது, நெல்லின் வயது

நைனா,

இன்று காலை ஆய்வகத்தில், ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்த கருகிய விதைகளைக் கார நீரில் ஊறவைத்தேன். ஒட்டியிருக்கும் மண்சாறு வெளியேற அப்படித்தான் செய்வோம். சற்று நேரத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. போன வருஷம் நம் வேர்க்கடலைக் கொல்லையின் நெல்மணிகளும் இப்படித்தான் கசிந்தன. குடுவையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டேன். உங்களிடம் சொல்லவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. சொல்ல நீங்கள் இல்லை.

கே.ஜி.கண்டிகையில் அகழாய்வுக்குத் தோண்ட வந்தவர்கள் நம் கொல்லையின் கிழக்கு மூலையில், ஆள் ஆழத்தில் ஓர் அடுப்பைக் கண்டார்கள். அதிலிருந்த மரக்கரியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பதிலாக வந்த காலம் நாம் யாரும் நினைத்துப் பார்க்காத அளவுக்குப் பழையது. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொன்னீர்கள்: “மலைக்கு வர்றவங்க அப்படியே நம்ம கொல்லைக்கும் வந்து பாத்துட்டுப் போகணும்.” உங்கள் குரலில் அப்படியொரு மிடுக்கை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த மாதமே பொதட்டூர்பேட்டையிலிருந்து சித்தப்பா வந்தார். அந்த மூலையை வீட்டுமனையாக விற்றுவிடலாம் என்றார். நானும் அன்று வீட்டில்தான் இருந்தேன்.

“தறி சரியா ஓடலண்ணா. என் பங்கயாவது பிரிச்சுக் குடுத்துடு.”

“அவ்ளோ பழைய மண்ண கூறு போட்டு விக்கச் சொல்றியா? கையெழுத்து போடமாட்டேன்.”

“கரிக்கட்டைய கட்டிகினு கூடப் பொறந்தவன விட்றியே!”

அன்றோடு உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது.

எனக்கு அந்தக் கரியின் மேல் சந்தேகம் இருந்தது. போனில் உங்களிடம் சொல்லவும் சொன்னேன். மரத்தின் உள்வளையம், அது உண்டான வருஷத்தோடு காற்றிலிருந்து கரிமம் எடுப்பதை நிறுத்திவிடும். நெடுங்காலம் நின்ற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை வெட்டி எரித்தால், கரி காட்டுவது அந்த வளையத்தின் வயதைத்தான். அடுப்பு மூட்டிய காலத்தை அல்ல. ஒரே பருவத்தில் விளைந்து அறுபடும் நெல் அப்படி ஏமாற்றாது.

நீங்கள் யோசிக்கவே இல்லை. “மரமும் நம்ம மண்ணுலதானம்மா வளந்திருக்கும்?”

சிரித்துவிட்டேன். “இருந்தாலும் நெல்லு கெடைச்சா பாத்துடணும் நைனா.”

“நீயும் உங்க சித்தப்பன் மாதிரியே பேசிகினு இருக்கே” என்று போனை வைத்துவிட்டீர்கள். மறுநாள் நீங்களே கூப்பிட்டு மழையைப் பற்றிப் பேசினீர்கள். கரியைப் பற்றி அதற்கப்புறம் நாம் பேசவில்லை. அந்தக் கோடையில் உங்கள் நெஞ்சுத் துடிப்பு நின்றுபோனது.

அடுத்த தடவை தோண்டியபோது, அதே அடுப்பின் ஓரம் சாய்ந்து கிடந்த பானையின் அடியில் கருகிய நெல் கிடைத்தது. முன்பெல்லாம் வயதை அளக்கக் கைநிறையக் கரி வேண்டும். இப்போது ஒரு மணியே போதும். பல மணிகளைத் தனித்தனியாக அளந்தோம். நம் நிலம் என்பதால், பாதியை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் வேறொருவர் கையில் கொடுத்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின. அந்த அடுப்பு நாம் நம்பியதைவிடச் சில நூற்றாண்டுகள் இளையது. இத்தனை வருஷம் முன்பின்னாக இருக்கலாம் என்று போடும் இடைவெளியும் வெகுவாகச் சுருங்கியிருந்தது. அது சுருங்கினால் எங்கள் வேலையில் சந்தோஷப்படுவோம். அன்று நான் சந்தோஷப்படவில்லை. முடிவை உள்ளபடியே எழுதி அனுப்பினேன்.

பிறகு சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். பேச்சு கேட்பதற்காகத் தறியை நிறுத்தினார்.

“அடுப்போட வயசு கொறஞ்சி போச்சா?”

“ஆங், சித்தப்பா.”

“அப்போ அண்ணன் சொல்லிகினு இருந்ததெல்லாம் பொய்யா?”

“பொய் இல்லங்க. அப்போ அவ்ளோதான் தெரிஞ்சுது.”

அறுந்த நூல் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “இது அப்பவே தெரிஞ்சிருந்தா கையெழுத்து போட்டிருப்பாராம்மா?”

தெரியவில்லை என்றேன். போட்டிருக்கமாட்டீர்கள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் தோன்றுவதில்லை.

மனையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கொல்லையைப் பார்க்கவேண்டும் என்றார். வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். குழியை மூடி மறுபடி கடலை போட்டிருந்தது, பூ வைத்திருந்தது. நான் உள்ளே இறங்கித் திரும்பினால் அவர் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க சித்தப்பா.”

“அண்ணன் கால வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரும்மா.”

எப்போது சொன்னீர்கள் நைனா? எனக்குத் தெரியாது.

“அதான் நான் கூப்புடறேனே, வாங்க.”

“நீ கூப்ட்டா ஆகாதும்மா” என்றார். கோபமே இல்லை. வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, கிழக்கு மூலை எதுவென்று என்னிடம் கேட்டார். நான் நடந்து போய் அந்த இடத்தில் நின்று காட்டினேன். அவர் அங்கிருந்தே பார்த்தார்.