வகுப்பில் வந்து நிற்கும் உன் பெயர்

அன்பு பிலோ,

ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதலாண்டு பூசை. நினைவு அட்டையில் போட நாலு வரி கேட்டு அச்சகத்திலிருந்து ஆள் வந்தார். அவர்களிடமே ஒரு வாசகம் இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். நீ படித்தால் சிரிப்பாய். அதனால் கடையில் குழாய்ப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நானே எழுதுகிறேன். அட்டையில் அடங்காவிட்டால் தனித்தாளில் போடட்டும்.

கடை நன்றாக நடக்கிறது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. நம் ஜெனி பிளஸ் டூ போய்விட்டாள். உன் லேப்டாப்தான் அவளுக்கு. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

அவள் பள்ளியில் புது நெட்வொர்க் போட்டார்கள். பழைய விண்டோஸ் இருந்தால் அதில் சேராதாம். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

"அண்ணாத்தே, பழசு மேல புச்சு குந்தாது. மொத்தமா தொட்ச்சிட்டுதான் ஏத்தணும். உள்ள இன்னா கீது, பாத்துக்கோ" என்றான் அந்தக் கடைக்காரன்.

உள்ளே நீதான் இருந்தாய். உன் போட்டோக்கள், கோயில் பாட்டுக் குழுவில் நீ பாடிப் பதிந்தவை, கடை பில்கள். எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் கை வைக்க விட்டேன். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் நான் எதையும் ஒத்துக்கொண்டதில்லையே.

கடைசியில், "யார் பேர்ல ஓப்பன் பண்றது? மெயில் ஐடி குடு" என்றான். யோசிக்காமல் உன்னுடையதைக் கொடுத்தேன். நம் வீட்டில் கேஸ், கரண்ட் பில், ஜிஎஸ்டி எல்லாமே உன் மெயிலில், உன் நம்பரில்தானே ஓடுகிறது? ஓடிபி வரவேண்டும் என்று உன் போனுக்கு இன்றைக்கும் ரீசார்ஜ் செய்கிறேன். பள்ளியிலும் யாரும் பார்க்காமல் அப்படியே இணைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் மிஸ் கூப்பிட்டார். "சார், ஜெனிபர் பேரே லிஸ்ட்ல வரல. பிலோமினான்னு ஒருத்தங்க தினமும் கிளாஸ்ல லாகின் ஆகுறாங்க. யார் சார் அது?"

"அவ அம்மா."

"அப்ப அம்மாகிட்ட சொல்லி மாத்த சொல்லுங்க சார்."

சரி என்று வைத்துவிட்டேன்.

ஜெனியிடம் கேட்டதற்கு, "இருக்கட்டும்ப்பா. 'உங்கம்மா வந்துட்டாங்கடி'ன்னு கிளாஸ்ல கலாய்ச்சாங்க. எனக்குப் புடிச்சிருந்துது" என்றாள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் மதியம் ஒரு மேஸ்திரிக்குப் பித்தளைக் குழாயைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு மெயில். அனுப்பியது நீ. "சாப்ட்டாச்சா? பொய் சொல்லக் கூடாது."

நீ கேட்கும் அதே கேள்வி. எழுதியது ஜெனிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "ஆச்சு" என்று பதில் போட்டேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அந்தப் பதிலை நான் போட்டிருக்கக் கூடாதோ, பிலோ?

அதன் பிறகு தினமும் வந்தது. "ஜெனிக்கு சைக்கிள் டயர் மாத்தணும்." "ஜெனிகிட்ட சத்தம் போடாதீங்க." "அவளுக்குத் தனியா படுக்க பயமா இருக்கு, ஹால் லைட்டை அணைக்காதீங்க." மெயில் கூடக்கூட வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. இப்போது என்னிடம் வாய் திறப்பதே இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் நீ கேட்கிறாய். ஒருவன் குழாயைத் தொடுகிற விதத்திலேயே வாங்குவானா மாட்டானா என்று சொல்லிவிடுகிற எனக்கு, என் மகள் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தது தெரியவில்லை.

நேற்று மாலை உன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள். பவர் ஒத்துக்கொள்ளாமல் கண்ணில் நீர் வழிகிறது. கழற்றவில்லை.

திங்கட்கிழமை செய்முறைப் பரீட்சை. சொந்தப் பெயரில் உள்ளே வராதவர்கள் எழுத முடியாது என்று பள்ளியில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கழற்றச் சொல்லாமல் இதைத்தான் முதலில் சொன்னேன்.

"அப்ப நான் எழுதல."

"விளையாடாத ஜெனி. ஒரு பேரு மாத்தறதுதானே?"

"அம்மாவ இன்னொரு தடவ அனுப்பப் போறீங்களாப்பா?"

ரொம்ப அமைதியாகக் கேட்டாள். கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பெயரை மாற்ற ஓடிபி உன் போனுக்குத்தான் வரும். அந்தப் போன் இன்று காலையிலிருந்து அலமாரியில் இல்லை, அவள்தான் எடுத்திருக்க வேண்டும்.

இந்த வரி வரைக்கும் எழுதியபோது என் போன் அதிர்ந்தது, உன் மெயில். "இன்னிக்கு சீக்கிரம் வாங்க. ஜெனி தனியா இருக்கா."

வழக்கமாக "வரேன்" என்று போட்டுவிட்டு, கணக்கு முடித்துத் தாமதமாகத்தான் போவேன். மணி நாலுதான் ஆகிறது. கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். கோவில்பதாகையில் நம் வீடு போய்ச் சேரும்வரை என்னென்ன நினைக்கப் போகிறேனோ.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். உன் மெயிலை அழிக்க மாட்டேன், அது உன்னுடையது. அவள் பெயரில் வேறு ஒன்றை அவள் கையாலேயே திறக்கவைப்பேன். இந்தத் தாளை அவள்தான் முதலில் படிப்பாள். வேண்டாம் என்றால் அச்சுக்குப் போகாது. அவள் தன் வாயால் "அப்பா, பயமா இருக்கு" என்று சொல்கிற வரைக்கும், பரீட்சை போனாலும் போகட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் மெயிலுக்கு இந்த முறை பதில் போடவில்லை. கிளம்பிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
ஜெனியின் அப்பா,
அந்தோணி