எந்தக் கப்பலில் வருகிறான் என்று உன் அம்மா கேட்டாள்

செடெனாக், ஜொகூர்
19 மே 1931

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஞானசிகாமணிக்கு அப்பா வேதமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறையொன்றுமில்லை, மனசு எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா, ஊரில் அந்தக் கிறிஸ்தவ ஆசிரமத்தில் ராத்திரி வயிற்றுக்கு ஏதாவது கொடுக்கிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே ரப்பர் விலை விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது, தோட்டத்தில் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றுகிறார்கள், கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் பாதி அடுப்பு எரியவில்லை. நம் கடையில் அரிசியும் கருவாடும் போகிறது, துணி அடுக்கினபடியே இருக்கிறது. அது போகட்டும், அதைச் சொல்ல இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை. ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல எடுத்தேன். வேறு யாராவது எழுதி உனக்குத் தெரியவருவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

போன வியாழக்கிழமை ஆண்டவர் பரமேறின திருநாள். சனங்கள் பால்வெட்டு முடித்துக் குளித்துவிட்டு வரட்டும் என்று உபதேசியார் கனகராஜ் ஆராதனையைச் சாயங்காலத்துக்கு வைத்திருந்தார். அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தை வாசித்தவர் பிரசங்கம் பண்ணவில்லை. மேகம் இயேசுவை மறைச்சப்போ சீஷர்களுக்குப் பேச்சு வந்திருக்காது, நாமளும் இன்னைக்குக் கொஞ்ச நேரம் பேசாம அவர் முன்னால இருப்போம், ஜெபம்கூட வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. நம் சபையில் முடிவு ஜெபம் என்னுடையது என்று உனக்குத் தெரியும், குடிக்கிறவனையும் கோள் சொல்கிறவளையும் பேர் சொல்லாமல் ஜெபத்திலேயே ஏசி முடிப்பேன், எவனும் எதிர்த்துப் பேச முடியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டேன். மௌனம் எனக்குத் தெரியாததல்ல. சீன முதலாளி, அந்தத் தவுக்கே, கணக்குப் போடுகிற மணிச்சட்டத்தைத் தட்டி விலை சொல்லுவான், நான் வெற்றிலையை மென்றுகொண்டு வாசலைப் பார்ப்பேன், பொறுக்கமாட்டாமல் அவனே இறங்கி வருவான். இந்தக் கடை அப்படி வந்ததுதான். எனக்குத் தெரிந்த மௌனம் அது ஒன்றுதானப்பா, அதனால் உன்னுடையதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன். ஆசிரமத்தில் நிலையாகச் சேர அப்பா அம்மா சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று லெந்து நோன்பு நாட்களில் கேட்டிருந்தாய். நான் அதற்குப் பதில் சொல்லாமல் கடை உன் பேருக்கு என்று எழுதினேன், நீ அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லை. குளுவாங்கில் புதுக்கடை போட்டுத் தருகிறேன் என்றேன், அதற்கும் இல்லை. பையன் கெட்டிக்காரன், விலையை ஏற்றுகிறான் என்று நினைத்தேன், அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

அந்த அமைதியில் ஆண்டவரை நினைக்காமல் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரம் படிந்துவிட்டது என்று நாலுபேர் காதில் போட்டுவிட்டால் எதிராளிக்குப் பின்வாங்க முகம் இருக்காது. சட்டென்று எழுந்து கையை உயர்த்தி, ஆண்டவரே, வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்த என் மகனின் மனதைத் திருப்பினீரே, வருகிற கப்பலில் அவனை வீட்டுக்குக் கொண்டுவருகிறீரே, ஸ்தோத்திரம் என்று ஜெபித்துவிட்டேன். சபை முழுக்க ஆமென் போட்டது. யாராவது உனக்கு எழுதுவார்கள், நீ வராமலிருக்க வெட்கப்படுவாய் என்பது என் யோசனை. பெண்கள் பக்கத்துப் பாயில் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

வெளியே வந்ததும் பால்வெட்டுகிற பேச்சியம்மாள் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ராஜம்மாக்கா, மவன் வாரானாம்ல, இனிமே நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவமா என்று கேலி பண்ணுகிறாள். அம்மா என்னைப் பார்த்து, எந்தக் கப்பலுங்க, எங்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்டாள். தபால் வரட்டும் என்றேன். அது இரண்டாவது பொய். மறுநாள் உன் மெத்தையை வெயிலில் போட்டாள், மாவிடித்தாள், கீர்த்தனை பாடிக்கொண்டே அறையைக் கழுவினாள். நான் கடையை விட்டு உள்ளே போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நற்கருணைக்குக் கட்டுகிற சேலையை எடுத்துவந்து, சிங்கப்பூர் துறைமுகத்துக்கு நானும் வரேன், இதைக் கட்டலாமா என்று காட்டினாள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

அவள் சேலையை மடித்தாள். மடித்துவிட்டு, ஆண்டவர் மேல போனப்ப அவரப் பெத்தவளும் அங்கதான இருந்திருப்பா, அடுத்த கப்பல்ல வந்துருவாருன்னு அவகிட்ட யாரும் பொய் சொல்லலியே என்றாள். அதோடு பேச்சில்லை. அது விலைபேசுகிற மௌனம் இல்லை. அதற்குமுன் நிற்க எனக்கு வகை தெரியவில்லை.

வேதப்புத்தகத்தை எடுத்து அந்த அதிகாரத்தைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்து ஏன் நிற்கிறீர்கள் என்ற இடத்தைத்தானே நான் ஒவ்வொரு கடிதத்திலும் உன்மேல் எறிந்தேன், ஏதோ தேவதூதர் அவர்களிடம், போய்க் கடையைத் திறங்கள் என்று சொன்னதுபோல. அதற்கு மேலே நான் படித்ததில்லை. அவர்கள் மேல்வீட்டுக்குப் போய்க் காத்திருந்தார்கள், அந்தத் தாயும் அவர்களோடு இருந்தாள் என்றல்லவா இருக்கிறது. அவர் கண்ணுக்கு மறைந்ததை யாரும் பேசிச் சரிக்கட்டவில்லை. சும்மா இருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு ஜெபத்துக்கு எழுந்தேன். அழகாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன், அதை விட்டுவிட்டேன். எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். கண்ணத் திறங்க, இது ஜெபமில்ல, என் மகன் வரல, நான் பொய் சொன்னேன் என்றேன். பேச்சியம்மாள்தான், உக்காருங்க மொதலாளி என்றாள். உட்கார்ந்தேன். கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. ஆண்டவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை, காட்டவும் ஒன்றுமில்லை. ஏதோ தரிசனம் கண்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே, வெட்கத்தோடு இருந்தேன், அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீ அங்கே உட்காருவது இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. இனி அதைப் பரிகாசம் பண்ணமாட்டேன்.

ஆகவே ஆசிரமத்துப் பெரியவருக்கு இதைக் காட்டு. எங்கள் மகன் ஞானசிகாமணி அங்கே நிலையாகச் சேர்ந்து ஊழியம் செய்ய எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதம். இதற்கு நிபந்தனை ஒன்றும் இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, இருமலைப் பாராமுகமாக விடாதே. எனக்கு எழுதாவிட்டாலும் அம்மாவுக்கு மாதம் ஒரு வரி எழுத மறக்காதே, உபதேசியார் வாசித்துச் சொல்லுவார்.

ஒட்டுவதற்குமுன் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, சம்மதம்னு எழுதுன இடத்த மட்டும் இன்னொருக்கா வாசிங்க என்றாள். வாசித்தேன். அப்புறம்தான் அழுதாள். அழுது முடித்துத் தன் பேருக்கு நேரே அவளே கைநாட்டு வைத்தாள்.

உன்னை அழைத்தவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சா. வேதமுத்து

ராஜம்மா, கைநாட்டு