பேச்சில் இருக்கும் வீடு

மார்ச் 4

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. மூன்று நாளாகப் போன் அடித்துப் பார்த்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற தங்கைக்குக் கடிதம் எழுதும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய். இதை நானே உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவேன். மணி அடிக்க மாட்டேன்.

நாலு நாள் முன்னால் ஆபீசில், வீடு வாங்க வந்த ஒரு பார்ட்டி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "சார், இது உங்க தங்கச்சி வீடுதானே? நேரா வாங்கிக்கலாம்னு போட்டிருக்கே, அப்புறம் உங்களுக்கு எதுக்குக் கமிஷன்?" என்று கேட்டார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முப்பது வருஷமாக இந்த ஊரில் பாதி வீட்டை விற்றுக் கொடுத்தவன் நான். என் கூடப் பிறந்தவள், 'தரகர் வேண்டாம், நீங்களே விற்கலாம்' என்று கூவுகிற இணையதளத்தில் சொற்பக் கட்டணம் கட்டி வீட்டை ஏற்றியிருக்கிறாள்.

அந்தப் படங்களை நீயே எடுத்தாயா? குளியலறைப் படத்தில் வாளியும் துடைப்பமும் நிற்கின்றன. ஹால் படத்தில், கண்ணாடிக்குள் பாதி நீ. போதாததற்கு, "மழைக்காலத்தில் பின்கதவு உப்பிக்கொள்ளும், ஓங்கி உதைத்தால் மூடும்" என்று வேறு எழுதியிருக்கிறாய். எந்தப் பைத்தியக்காரி இதை எழுதுவாள்? வீடு காட்டும்போது வீட்டுக்காரர் வெளியே போய்விட வேண்டும், அவர் வாயைத் திறந்தால் வீடு விற்காது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். உடனே அந்த விளம்பரத்தை எடுத்துவிடு.

உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நீ கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மணி அடித்திருந்தால் திறந்திருப்பேன், வீம்பு உனக்கு.

விளம்பரத்தை எடுக்க மாட்டேன். ஒன்றரை வருஷம் உன்னிடம்தானே விட்டிருந்தேன்? "சந்தை மந்தம்" என்றாய், பொறுத்தேன். "ஹால் கலர் சரியில்ல" என்றாய், பெயிண்ட் அடித்தேன். "இந்தக் கலரும் சரியில்ல" என்றாய், மறுபடி அடித்தேன். வாரத்தில் மூன்று நாள் "பார்ட்டி வருது" என்று காலையிலேயே வந்து உட்காருவாய். நான் மாடியும் கீழுமாகப் பெருக்கித் துடைத்து வைப்பேன். பார்ட்டி வராது, டீயைக் குடித்து ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். நிஜமாக யாராவது வந்த நாட்களில் என்னைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டிவிடுவாய்.

என் முட்டி இந்த மாடிப்படியை இனித் தாங்காது என்று உனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து, இப்போது வெளியூரில் இருக்கிற சிநேகிதி ஊசி, தன் பக்கத்துக் கீழ்த்தள வீட்டை எட்டு மாசம் எனக்காகச் சொல்லிவைத்திருந்தாள். ஒரே சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்கொள்ளலாம் என்று கிழவிகள் இரண்டு பேரும் அவ்வளவு ஆசையாக இருந்தோம். என் வீடு விற்கவில்லை. அந்த வீடு போன மாசம் வேறு கைக்குப் போய்விட்டது. நான் அழுதபோது நீதான் முதுகைத் தட்டி, "சரி விடு, நமக்குக் கொடுத்து வைக்கல" என்று தேற்றினாய்.

அன்றைக்கு முடிவு பண்ணித்தான் இணையதளத்தில் ஏற்றினேன். உன்னிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் விடமாட்டாயே. பின்கதவு விஷயம் உண்மைதானே, வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

பொடிசு


மார்ச் 16

தரகர் அவர்களுக்கு,

நேற்று ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "போன வருஷமே இந்த வீட்டைக் கேட்டு வந்தோமேங்க. தரகர்தான் பேச்சுல இருக்குன்னு சொல்லிட்டாரு. அந்தப் பேச்சு முறிஞ்சிடுச்சா?"

பேச்சுல இருக்கு. வேறு வீட்டுக்காரியாக இருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. தரகர் தங்கைக்குப் புரியாதா? வேண்டாத பார்ட்டியை வாசலோடு அனுப்ப நீ சொல்கிற வார்த்தை அது என்று நீயே என் சமையலறையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாய். அவர்களை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் இணையதளம் வழியாக என்னைக் கூப்பிட்ட இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்தேன். அவர்களுக்கும் நீ இதே பதில்தான் சொல்லியிருக்கிறாய்.

யாருக்காக இந்த முட்டியோடு அத்தனை தடவை படியைத் துடைத்தேன்? "அந்த மூலையில தூசி இருக்கு பாரு" என்று பக்கத்தில் நின்று காட்டினாயே, வாய் கூசவில்லையா? ஊசியின் பக்கத்து வீடு போனபோது முதுகைத் தட்ட உனக்கு எப்படிக் கை வந்தது? அந்த இணையதளத்துக்கு நான் யாரென்றே தெரியாது. கூப்பிட்டால் ஒரு இயந்திரக் குரல் பேசுகிறது, என் பெயரைக்கூடத் தப்பாகச் சொல்கிறது. அது என்னை ஏமாற்றவில்லை. கூடப் பிறந்தவன் ஏமாற்றினான்.

ஏன் செய்தாய் என்று எழுது. நேரில் வராதே. வீடு பேச்சில் இருக்கிறதோ இல்லையோ, நமக்குள் இனிப் பேச்சு இல்லை.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


மார்ச் 18

பொடிசு,

முதலில் நான்கு பக்கம் எழுதினேன். அவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிற ஆட்கள், இன்னும் நல்ல பார்ட்டிக்காகக் காத்திருந்தேன் என்றெல்லாம். கிழித்துப் போட்டுவிட்டேன். அத்தனையும் பொய்.

ஏழு பேரைத் திருப்பி அனுப்பினேன். பார்ட்டி வருது என்று சொன்ன நாட்களில் முக்கால்வாசி நாள் பார்ட்டியே கிடையாது. உன் அண்ணி கண்ணை மூடிய பிறகு, காலையில் எழுந்து நல்ல சட்டை போட்டுக்கொள்ள எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சும்மா வந்து உன் வீட்டில் உட்கார வெட்கமாக இருந்தது. வீடு காட்ட வந்தேன் என்றால் வேலையாக வந்த மாதிரி. நீ ஊசியிடம் போய்விட்டால் இந்த ஊரில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. ஊசி பார்த்து வைத்த வீடு கைமாறியது என்று நீ சொன்ன அன்று, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போகாதே. மாடி ஏற முடியாவிட்டால் கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டுத் தருகிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே?

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அந்தம்மாவுக்குத்தான் கொடுத்தேன்.

"போகாதே" என்ற ஒரு வார்த்தையை ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன். ஒருவேளை இருந்தும் இருப்பேன். இல்லையென்றால் உன்னையும் கிளப்பிக்கொண்டு போயிருப்பேன். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் எத்தனை ரூம் வேணும், எந்தப் பக்கம் வெளிச்சம் வேணும் என்று கேட்கிற ஆள் நீ. என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து நீயே முடிவு பண்ணிவிட்டு, என்னைச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வைத்தாய். சும்மா வந்திருந்தாலும் டீ போட்டிருப்பேனே அண்ணா. என்றைக்காவது இல்லையென்று சொல்லியிருக்கிறேனா? அதை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நாளைக்குக் கிளம்புகிறேன். ஊசி தெருவில் இப்போது கீழ்த்தளம் எதுவும் காலி இல்லை. எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடிதான் கிடைத்தது, லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. போன வாரம் போய்ப் பார்த்தபோது இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினேன். கீழே ஊசி நின்றுகொண்டு, "மெதுவா வா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வராதே என்று எழுத மனசு வரவில்லை. வந்தால் கதவைத் திறப்பேன், டீயும் போடுவேன். ஆனால் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்று, "எம்மாடி, எத்தனை படி" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

தங்கை