நரம்பிழையை ஒட்டிய செல்கள்

என் தங்கத்துக்கு,

நேற்றிலிருந்து நீ கதவைத் திறக்கவில்லை. வெளியே வைத்த சாப்பாடும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதிக் கதவடியில் தள்ளுகிறேன்.

உன் தோலில் டாக்டர் வெட்டியெடுத்த துணுக்கு எங்கள் லேபுக்குத்தான் வந்தது. இன்று சாயமேற்றி நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்கள் நரம்பிழைகளை ஒட்டிக் கும்பலாக நின்று அவற்றைச் சீண்டிக்கொண்டிருக்கின்றன.

“நெஜமாவே அரிக்குதும்மா” என்று நீ அழுதபோதெல்லாம், “எல்லாம் உன் மனசுதான்டி” என்று உன் கைகளில் சாக்ஸ் மாட்டிக் கட்டினேன். இருபது வருஷமாக ஊரார் தோலையெல்லாம் உற்றுப் பார்த்தவளுக்கு, மகள் சொன்னது காதில் ஏறவில்லை.

அந்தச் சாக்ஸையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டேன். கதவைத் திறடி. என் கண்ணெதிரிலேயே சொறிந்துகொள். உனக்குக் கை எட்டாத முதுகை நான் சொறிந்துவிடுகிறேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்,
அம்மா