ஒன்பதாம் அறையின் தலையணை உறை

மேட்டுப்பாளையம்,
ஆடி 9.

அன்புள்ள மாமாவுக்கு, செல்வி எழுதுவது. நானும் பாப்பா இளவேனிலும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கம்போலக் கேட்க இந்த முறை கை வரவில்லை.

ஆஃப் சீசன் என்றால் மற்றவர்களுக்கு ஊட்டியில் கூட்டம் இல்லாத காலம். எனக்கு நீங்கள் வீட்டில் இருக்கும் காலம். கல்யாணமான பதினோரு வருசமும் அப்படித்தான். இந்த வருசம் மட்டும், "ஆஃப் சீசன்லதான் அம்மணி பெயிண்ட் வேலையெல்லாம் இருக்குது" என்கிறீர்கள். மூன்று வாரம் முன்பு, நீங்கள் வேலை பார்க்கும் ஊட்டி லாட்ஜின் சமையல்காரர் சுரேந்தர் ஊருக்கு வந்தபோது விசாரித்தேன். "இந்த மழையில ஆருங்கக்கா பெயிண்ட் அடிப்பாங்க? லாட்ஜையே பூட்டியாச்சுங்க. அண்ணன்தான் காவலுக்கு நானே இருக்கறேன்னு கேட்டு வாங்கிட்டு இருக்காருங்க" என்றார்.

அங்கே மழையில் துணி காயாது என்று லாட்ஜ் துணி எல்லாம் நான் வேலை செய்யும் சலவைக் கடைக்குத்தான் வருகிறது, மறந்துவிட்டீர்களா? ஆஃப் சீசனில் துவைக்க அனுப்பும் கம்பளிகளோடு வாரம் தவறாமல் ஒன்பதாம் நம்பர் போட்ட விரிப்பும் தலையணை உறையும் வருகின்றன. நீங்கள் படுப்பது ஆபீஸ் ரூமில். அப்படியானால் பூட்டிய லாட்ஜில் ஒன்பதாம் அறையில் யார்?

எவளோ ஒருத்தி என்றுதான் நினைத்தேன். மூட்டை வந்ததும் முதல் ஆளாகப் பிரித்து, நீள முடி, ஒட்டுப் பொட்டு, பூ வாசம் என்று போலீஸ்காரி மாதிரித் தேடினேன். இரண்டு வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பலே கைகாரி என்று மனசுக்குள் திட்டினேன்.

இந்த வாரம் கிடைத்தது. உறையில் உங்கள் நரைமுடி; ஒன்பதாம் அறையில் படுப்பது நீங்களேதான். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ரத்தக் கறை. போனில் இருமிவிட்டு, சும்மா சளிதான் என்று சிரித்தீர்களே. உங்கள் அப்பாவுக்குக் காசநோய் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பாப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதானே மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்கள்?

எவளாவது இருந்திருக்கக் கூடாதா என்று அம்மனிடம் கேட்டே விட்டேன், மாமா. அவளென்றால் சண்டை போட்டு உங்களை இழுத்து வந்திருப்பேன்.

போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால் இந்தக் கடிதத்தைத் துவைத்த விரிப்புக்குள் மடித்து வைக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டுதான் வருவேன். கதவைத் திறந்துவிடுங்கள்.

அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். நான் சந்தேகப் பிராணி என்று எப்போதும் கேலி செய்வீர்களே, இந்தச் சந்தேகமும் பொய்யாகட்டும்.

உங்கள்
அன்புச்செல்வி