ஆர் துரத்திறாங்கள்?

இஞ்சேருங்கோ,

உங்கடை நித்திரையைக் குழப்பாமல் ஓடப் போறன். புட்டு மூடி வைச்சிருக்கு, சம்பல் பச்சைக் கிண்ணத்திலை. வெளிக்கிட்டால் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தண்ணித்தொட்டிக்குப் பின்னாலை வையுங்கோ.

நேற்று "ஓட்டத்தை விட்டிட்டு என்னைப்போலை சைக்கிளை மிதி" எண்டு சத்தம் போட்டியள். சைக்கிள் முழங்காலுக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் நீங்கள் கீரிமலைக்குப் போகேக்கை தெற்காலை வீசிற சோளகக் காத்தும் சேர்ந்து தள்ளுது. என்னைத் தள்ள ஒருத்தரும் இல்லை.

உங்கடை கவலை என்ரை முழங்கால் இல்லை, எங்கடை ஒழுங்கைச் சனம்தான். சைக்கிளிலை போற பொம்பிளை கடைக்கோ கோயிலுக்கோ போறாள் எண்டு விட்டிடுவினம். ஓடினால் மதிலாலை எட்டிப் பாத்து, "பிள்ளை, ஆர் துரத்திறாங்கள்?" எண்டு கேப்பினம். ஓடத் தொடங்கின முதல் கிழமை எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது. இப்ப சந்தி வரைக்கும் ஓடியும் மூச்சு வாங்கிறேல்லை. வெக்கமும் போயிட்டுது.

கலா

சம்பலுக்கு உப்புக் காணாது, போட்டுக்கொள்ளுங்கோ.

இன்னொண்டு. உங்கடை சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைச்சிருக்கிறன். நாளைக்கு நான் முன்னாலை ஓட, நீங்கள் பின்னாலை மெதுவா மிதிச்சு வாங்கோ. ஆரும் கேட்டால், "என்ரை மனுசன்தான் துரத்திறார்" எண்டு சொல்லுறன்.